கம்பெனிக்குப் பதினாறாம் நாள்

சட்டம் மறுபடியும் மாறுகிறதாம். கல்பனா மேடம் போன வாரம் போன் போட்டுச் சொன்னார். நொடித்துப்போன கம்பெனியை விற்று முடிக்கிற லிக்விடேட்டருக்கு இனிமேல் கெடு இன்னும் இறுக்கமாக இருக்குமாம். கடன் கொடுத்தவர்களின் கமிட்டி மேலே உட்கார்ந்து பார்க்குமாம். பிடிக்கவில்லை என்றால் பாதியிலேயே ஆளை மாற்றலாமாம். "ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பசங்க கேக்கறாங்க ஐயா. அந்த மாட்டுக் கேஸ எழுதிக் குடுங்களேன்" என்றார்.

எனக்கு எழுத வராது. கையெழுத்து மட்டும் போடுவேன். அதுவும் 'ஏ' போட்டு 'ழு'வுக்குப் போவதற்குள் வேர்த்துவிடும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே "மாமா, மாட்டுக்கு வாங்க" என்கிறாள். வருகிறேன். மாடு எங்கே போய்விடப் போகிறது?

என் பெயர் ஏழுமலை. ஆலங்காயத்துக்குப் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இல்லை, அதன் பின்னால் இருந்த கிணற்றில் குளிக்கப் போயிருக்கிறேன். மீசை முளைத்த வயதில் வாணியம்பாடிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடுகிற இடத்துக்கு, காவல்காரனாகப் போனேன். அந்தக் காலத்தில் கம்பெனி நொடித்தால் வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போகும். கோர்ட்டு சார்பில் ஒரு அரசாங்க அதிகாரி வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்வார். அவர்தான் லிக்விடேட்டர். அவர் பூட்டிவிட்டுப் போவார், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் அவருடைய ஆபீசிலேயே அட்டெண்டராக எடுத்துக்கொண்டார்கள். சீல் வைக்கிற வேலை என்னுடையது.

சீல் வைப்பது சும்மா இல்லை. பூட்டைப் பூட்டி, துவாரத்தை மூடித் துணி சுற்ற வேண்டும். நூலைக் குறுக்கே கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டினால் முதலில் அழும், பிறகு ஒழுகும். ஒழுகுகிற பதத்தில் முடிச்சின் மேல் விட வேண்டும். பித்தளை முத்திரையில் எச்சில் தொட்டு அழுத்த வேண்டும். எச்சில் தொடாவிட்டால் அரக்கு முத்திரையோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். காற்றடிக்கிற நாளில் விரல் வெந்துபோகும். என் வலது கட்டைவிரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷின் இன்றைக்கும் என்னை ஆளே இல்லை என்கிறது.

எனக்கு அதிகாரியாக இருந்தவர் தேவராஜ் சார். குள்ளமான மனிதர். எப்போதும் அரைக்கைச் சட்டை, பையில் பாக்குப் பொட்டலம். சீல் வைக்கப் போனால் நேராகப் பூட்டை எடுக்க மாட்டார். முதலில் உள்ளே ஒரு சுற்று நடப்பார். ஒழுகுகிற குழாயை மூடுவார். தொழிலாளிகளைக் கூப்பிட்டு, "அவங்கவங்க டிபன் பாக்ஸு, செருப்பு, சாமி படம், எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. அது கம்பெனி சொத்து இல்ல" என்பார். யாராவது சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்துக்கொண்டாலும் பார்க்காத மாதிரி இருப்பார். எல்லோரும் போன பிறகு, வாசலில் நின்றுகொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "உள்ள யாராவது இருக்கீங்களா?" இப்படி மூன்று தடவை. பதில் இல்லை என்றால்தான் எனக்குக் கண் காட்டுவார்.

"காலி கட்டடம்னு தெரியுதே சார், யார் கீறாங்கன்னு கூப்பிடறீங்க?" என்று ஒருதரம் கேட்டேன்.

"கேக்காம பூட்டறவன் திருடன், ஏழுமலை. நாம கவர்மெண்டு" என்றார்.

ஒருநாள் பதில் வந்தது. ஒரு தோல் ஷாப்பு. மூன்றாவது தடவை கூப்பிட்டதும் இருட்டுக்குள்ளிருந்து, "நான்தான் சார், காதரு" என்று ஒரு குரல். பாய்லர்க்கார காதர் பாய்.

"வெளிய வாங்க பாய்."

"பாய்லரு இன்னும் சூடா கீது சார். சூடா இருக்கறப்போ வுட்டுட்டு வந்து பழக்கமில்ல."

நானாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். தேவராஜ் சார் என்னை டீக்கு அனுப்பிவிட்டு, உள்ளே போய் ஒரு பெட்டியைக் கவிழ்த்து பாய் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாய்லர் ஆறுகிற வரைக்கும் இருவரும் பாக்குப் போட்டுக்கொண்டு, ஆம்பூர் பிரியாணியில் எந்த அரிசி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் சார் சொன்னார்: "நீங்களே வால்வ மூடுங்க பாய். நான் வெளிக்கதவ மட்டும் மூடிக்கறேன்." பாய் மூடினார், கையைத் துடைத்தார், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். எத்தனையோ கதவுகள் மூடியிருக்கிறோம். அந்த ஒரு நாள் மட்டும் சார் என் கையிலிருந்து பூட்டை வாங்கித் தானே பூட்டினார்.

மூடுவது ஒரு நாள் வேலை. விற்று முடிப்பது அந்தக் காலத்தில் ஒரு ஆயுசு. நான் காவல் இருந்த ஒரு நூல் மில்லில் தரை வெடிப்பில் ஒரு வேப்பங்கன்று முளைத்தது. வழக்கு முடிவதற்குள் அது மரமாகிக் கூரை ஓட்டைத் தள்ளிக்கொண்டு மேலே போனது. சம்பள நிலுவைக்குக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் புதுச் சட்டம் வேகமாக வந்திருக்கிறது என்று யாராவது குறைசொன்னால் நான் சேர மாட்டேன். மெதுவாக நடந்ததையும் பார்த்தவன் நான்.

நான் ரிட்டையர் ஆகிக் கொஞ்ச காலத்தில் புதுச் சட்டம் வந்தது. ஹைகோர்ட்டுக்குப் பதில் டிரிபியூனல். முதலில் கம்பெனியைப் பிழைக்கவைக்கப் பார்ப்பார்கள். முடியாவிட்டால்தான் லிக்விடேஷன். அந்த லிக்விடேட்டரும் இப்போது அரசாங்க ஆள் இல்லை, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய தனியாள். கல்பனா மேடம் அப்படி வந்தவர்தான். சென்னை. காதில் ஒரு போன், கையில் ஒரு போன். சீலுக்கு அரக்கு கிடையாது, ஒட்டுகிற காகிதம். ஒட்டியதும் வீடியோ எடுத்து அனுப்புவார். ஏலம் கம்ப்யூட்டரில். எங்கள் பக்கத்து வேலைகளுக்குப் பழைய ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி என்னைக் காவலுக்கு வைத்துக்கொண்டார். முதல் நாள் நான் இடுப்பு மடியிலிருந்து ஒரு துண்டு அரக்கை எடுத்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "வெச்சிருங்க ஐயா, தேவைப்படும்" என்றார். மரியாதைக்குச் சொன்னார் என்று நினைத்தேன்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். மருமகள் பேனாவை மூடிவிட்டுத் திறக்கிறாள்.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற ரோட்டில், அடிவாரத்தில் ஒரு பால் கம்பெனி இருந்தது. மலையில் இருக்கிற சில ஊர்களுக்கு அவர்கள் மாடு கொடுத்திருந்தார்கள், வாரத்துக்கு. வாரம் என்றால் மாடு கம்பெனியுடையது, வளர்ப்பு மலைக்காரருடையது. பால் கம்பெனி வண்டிக்கு ஊற்ற வேண்டும். முதல் கன்று கம்பெனிக்கு, அடுத்த கன்று வளர்த்தவருக்கு, அதற்கடுத்தது மறுபடி கம்பெனிக்கு. இப்படி முறை வைத்து. கம்பெனி மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை மாட்டியிருக்கும். கன்றுகளுக்கு வில்லை கிடையாது. எது யாருடையது என்பது வாய்ப்பேச்சு.

கம்பெனி நொடித்தது. பிழைக்கவைக்கப் பார்த்தார்கள், ஆகவில்லை. மேடம் லிக்விடேட்டராக வந்தார். சொத்தில் யாருக்காவது பாத்தியதை இருந்தால் கெடுவுக்குள் வந்து சொல்லுங்கள் என்று பேப்பரில் விளம்பரம் போட்டார். மலையில் அந்தப் பேப்பரில் பஜ்ஜிதான் வரும். அதனால் என்னை பஸ் ஏற்றி அனுப்பினார். நான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன்: கம்பெனி முடிந்துபோனது, மேடம் பொறுப்பு எடுத்திருக்கிறார், கம்பெனியுடையதைக் காட்டுங்கள், உங்களுடையதைக் கேளுங்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த நாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஒரே மணிச் சத்தம். மலைச்சனம் மொத்தமும் மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறது. மஞ்சள் வில்லை மாடு மட்டுமில்லை. கன்று, கிடாரி, காளைக்கன்று, அவர்கள் முறைக்கு வந்தது, கம்பெனி முறைக்கு வந்தது எல்லாம். கழுத்தில் புதுக் கயிறு. கொட்டகையில் கொண்டுவந்து கட்டிவிட்டு, வாசல் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மேடம் காரிலிருந்து இறங்கியதும் ஒரு பசு அவர் துப்பட்டாவை வாயில் வைத்தது.

"ஐயா, இத எங்க சீல் வைக்கிறது?"

"கொம்புக்கு நடுவுல வைக்கலாம் மேடம். நக்கிடும்."

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. மதிப்பு போடுகிறவர் வந்தார், எண்ணினார், கொட்டகையில் நிற்கிற அத்தனையையும் கம்பெனி சொத்தில் ஏற்றினார். கடன் கொடுத்த பேங்கு ஆபீசர், அப்போது யோசனை மட்டும் சொல்கிற கமிட்டிக்கு வருகிற ஆள், நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். "காம்பவுண்டுக்குள்ள இருக்கு, அவங்களே கொண்டாந்து ஒப்படைச்சிருக்காங்க, யாரும் கேக்கல. அப்புறம் என்ன மேடம்?" என்றார்.

மேடம் சொன்னார்: "கம்பெனி கையில இருக்கறதெல்லாம் கம்பெனியோடது இல்ல சார். அடுத்தவங்க பொருள் இருந்தா அத விக்கிற சொத்துல சேக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. ஆனா யாரோடதுன்னு ஒருத்தராவது வாயத் தொறக்கணுமே."

அதுதான் நடக்கவில்லை.

வெள்ளையம்மா என்று ஒருத்தி. மெலிந்த உடம்பு, கணீரென்று குரல். வருஷக்கணக்கில் கம்பெனியின் செவலைப் பசுவை வளர்த்தவள். அதன் முதல் கன்று கம்பெனிக்குப் போனது. இரண்டாவது கிடாரி, அவள் முறை. குருவி என்று பெயர் வைத்திருந்தாள். குருவி இப்போது சினை. அது ஈன்றால் அவளுக்குச் சொந்தமாகக் கறவை மாடு ஆகும். அடுத்தவர் மாட்டுக்குப் புல் அறுக்கிற பிழைப்பு அவளோடு முடியும், அவள் மகளுக்கு வேண்டியதில்லை. இதை அவளே முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தக் குருவியையும்தான் ஓட்டிவந்து கட்டியிருந்தாள். தினமும் புல்லுக்கட்டோடு பஸ்ஸில் இறங்குவாள், மாட்டுக்குப் போடுவாள், நெற்றியைச் சொறிந்துவிடுவாள். கேள் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள்.

"இன்னாம்மா, இது உன்னுதுதானே? மேடத்தாண்ட ஒரு வார்த்த சொல்லேன்."

"நான் சொல்லமாட்டேண்ணா. சாவு வூட்ல போயி எம் பங்கக் குடுன்னு கேக்கற வாய்ல சோறு எறங்குமா?"

"இது சாவு வூடு இல்லம்மா. கம்பெனி."

"பால் வண்டி வர்றதில்ல. ஆபீஸ்ல வெளக்கு எரியல. வாசல்ல பூட்டுத் தொங்குது. நீயே ஊரு ஊரா வந்து சேதி சொல்லிட்டுப் போன. வேற இன்னா வோணும் சாவு வூட்டுக்கு?"

அவர்கள் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர்தான் விவரம் சொன்னார். அந்த நாலைந்து ஊர்களில் அப்படி ஒரு வழக்கமாம். வாரத்துக்கு மாடு கொடுத்த வீடு சாவிலோ நொடிப்பிலோ விழுந்துவிட்டால், வளர்த்தவன் தாயையும் கன்றையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த வாசலில் கட்டிவிட வேண்டும். விழுந்த வீட்டில் நின்றுகொண்டு இது என் முறை, அது உன் முறை என்று பேசக்கூடாது.

மேடம் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது, எடுக்கவில்லை.

"அப்போ எப்பத்தான் கேப்பாங்க?"

"சேதி வந்த நாள்லேர்ந்து பதினாறாம் நாளு கேப்போம். பொறுப்பெடுத்தவங்க வாசல்ல தண்ணி தெளிச்சி, எங்களுக்குச் சோறு போட்டு, 'கேக்கறவங்க கேக்கலாம்'னு ஒரு வார்த்த சொல்லணும். அதுக்கப்புறம் அவங்கவங்க பங்க வாங்கிக்கினு போவோம்."

"இங்க பொறுப்பெடுத்தது யாரு?"

ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "நீதாம்மா."

மேடம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பாத்தியதை கேட்கிற கெடுவுக்குள்ளேயே பதினாறாம் நாள் வந்தது. "நான்தான் பொறுப்புன்னு டிரிபியூனல் ஆர்டர்லயும் எழுதியிருக்காங்க" என்றார். "சரி, அன்னிக்கு எல்லாரும் வாங்க. சாப்பாடு என் சொந்தச் செலவு. கமிட்டில கணக்குக் காட்டமாட்டேன்."

அந்த நாட்களில் மேடம் அடிக்கடி வந்தார். குருவிக்கு மடி இறங்கிக்கொண்டிருந்தது. மதிப்பு போட்டவர் அதைத் தனியாகக் குறித்துவைத்திருந்தார், சினைக்கிடாரி நல்ல விலை போகும் என்று. ஒருநாள் நாங்கள் தீவனம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, தேவராஜ் சார் கதையை, காதர் பாய் கதையை எல்லாம் சொன்னேன். நான் ஒன்று சொன்னால் ஒன்பதில் போய் நிற்பேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். "மூணு தடவ கூப்பிடுவாரா?" என்று மட்டும் கேட்டார்.

பதினாறாம் நாள் மலையிலிருந்து பெண்கள் அண்டாவோடு வந்தார்கள். சாமைச் சோறு, மொச்சைக்குழம்பு. பேங்கு ஆபீசரும் வந்திருந்தார். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் வராததால் எழுந்து பந்தியில் உட்கார்ந்தார். குழம்பு இரண்டாம் தரம் வாங்கினார். மேடம் குடத்திலிருந்து தண்ணீரை வாசலில் தெளித்தார். எப்படித் தெளிப்பது என்று வெள்ளையம்மாதான் கையைப் பிடித்துக் காட்டினாள். பிறகு மேடம் படியில் நின்று சொன்னார்:

"கேக்கறவங்க கேக்கலாம்."

யாரும் அசையவில்லை. மாடு ஒன்று தும்மியது. இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் குருவி கம்ப்யூட்டர் ஏலத்தில் எங்கேயோ போய்விடும்.

வெள்ளையம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங் குருவியக் குடும்மா" என்றாள். அவ்வளவுதான்.

பேங்கு ஆபீசர் இலையை மடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "இது உங்களுதுன்னு என்னம்மா ஆதாரம்?"

ஊர்க்கவுண்டர் சிரித்தார். "இன்னா சார் நீங்க! அவ மாட்ட அவளே ஓட்டியாந்து உங்க கொட்டாயில கட்டினாளே. பொய் சொல்றவளா இருந்தா மலையிலயே மறைச்சிருக்க மாட்டாளா? நீங்களா தேடி வந்து கண்டுபுடிச்சிருப்பீங்க?"

ஆபீசர் மேடத்தைப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். "ரெண்டு கன்னு கட்னேன். வெள்ளக் கன்னு என்னுது. கறுப்பு கம்பெனிது" என்றார். அந்தக் கறுப்புக்கன்று பிறந்ததே கம்பெனிக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஆபீசர் ஆதாரம் கேட்கவில்லை. அவரே, "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொருவராக எழுந்து தங்களுடையதைக் கேட்டார்கள், கம்பெனியுடையதைக் காட்டினார்கள். ஒரு மாட்டுக்குக்கூட இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. மேடம் எல்லோருடைய வாக்குமூலத்தையும் வாங்கிக்கொண்டு அவரவர் மாட்டை விட்டார், வாக்குமூலத்தை டிரிபியூனலுக்கு அனுப்பினார். அவர்களும் பின்னால் ஏற்றுக்கொண்டார்கள்.

மஞ்சள் வில்லை மாடுகளும் கம்பெனி முறைக் கன்றுகளும் ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு பால் சங்கத்துக்குப் போயின. மாடு ஏலம் வரைக்கும் காத்துக்கொண்டிருக்காது, இளைத்துவிடும். அதனால் நேராக விற்க வழி இருக்கிறதாம். செவலைப் பசு லாரியில் ஏறும்போது வெள்ளையம்மா அதன் காதைப் பிடித்து என்னவோ சொன்னாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வாரப் போனில் நான் மேடத்திடம் கேட்டேன், இனிமேல் கமிட்டி தலைமேல் உட்கார்ந்தால் பதினாறு நாள் பொறுப்பார்களா என்று. "தெரியல ஐயா" என்றார். "அதான் எழுதச் சொல்றேன். கமிட்டிலயும் யாராச்சும் படிப்பாங்க இல்ல?"

பங்கு கேட்ட அன்றைக்கே சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மாடுகள் பாதி மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கம்பெனி மாடுகளைப் பின்பக்கத் தொழுவத்துக்கு மாற்றியிருந்தோம். பெரிய கொட்டகை காலி. மேடம் ஒட்டுகிற காகிதத்தை எடுத்தார், பார்த்தார், மறுபடி பையில் வைத்தார்.

"அரக்கு இருக்கா ஐயா?"

இடுப்பைத் தடவினேன். இருந்தது. மேடம் வாசலில் நின்று, சாணி மணக்கிற இருட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

சென்னைக் குரல், கூச்சமாகத்தான் வந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்க. மூன்றாவது தடவை மலை திருப்பிச் சொல்கிற அளவுக்குக் கூப்பிட்டார்.

பதில் வந்தது, உள்ளேயிருந்து இல்லை. ரோட்டு வளைவில் குருவியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள் வெள்ளையம்மா.

"யாரும் இல்லம்மா! எல்லாரும் வெளிய வந்துட்டோம். நீ பூட்டிக்கோ!"

மேடம் எனக்குக் கண் காட்டினார். நான் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தேன்.